முதுமையும் விழியழுத்தமும்

ஐம்பொறிகளுள் கண்ணுக்கே நாம் முதலிடம் தருகிறோம். அன்புக்குரியவரைக் 'கண்ணே' என்று அழைக்கிறோம். ஒன்றை அருமையாகப் பேணுவதைக் 'கண்ணை இமை காப்பதுபோல்' என்கிறோம். ஆனால் இமை காப்பதெல்லாம் புறத்தே வரும் தூசியிலிருந்தும் மிகையொளியிலிருந்தும் மட்டுமே. கண்ணின் உள்ளே தோன்றும் கேட்டை இமையால் தடுக்க இயலாது. வலியின்றி, சிவப்பின்றி வந்து, பார்வையைச் சிறிது சிறிதாக அரித்துச் செல்லும் அத்தகைய கேடு ஒன்று உண்டு. அதற்குக் கண் நீர் அழுத்த நோய் என்று பெயர். மருத்துவர்கள் கிளாக்கோமா என்பர். இழந்தால் மீளாத பார்வையிழப்பிற்கு உலகெங்கும் இதுவே தலையாய காரணமாக இருக்கிறது.

இந்நோயைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அழுத்தத்தைப் பற்றியே பேசுவர். நாம் இங்கே வேறொரு வினாவை எழுப்பி, அதற்கு விடை காண முயல்வோம். இருபது வயது இளைஞன் ஒருவனுடைய கண்ணிலும், எழுபது வயது முதியவர் ஒருவருடைய கண்ணிலும் ஒரே அளவான அழுத்தம் இருப்பதாகக் கொள்வோம். அந்த இளைஞனின் பார்வை பல்லாண்டுகள் பழுதின்றி இருக்கக் கூடும். முதியவரின் பார்வையோ தேயத் தொடங்கக் கூடும். அழுத்தம் ஒன்றாயிருக்க, விளைவு வேறாவது ஏன்? விடையை அழுத்தத்தில் மட்டும் தேடினால் கிடைக்காது. அவ்வழுத்தத்தைத் தாங்குகின்ற விழித்திரையிலும் தேட வேண்டும்.

மாணவ நண்பர்களே! முதியோரைப் பற்றிய இப்பொருள் எங்களுக்கு எதற்கு என்று நீங்கள் எண்ணலாம். உங்கள் இல்லத்திலுள்ள பாட்டனாரையும் பாட்டியாரையும் மனத்தில் வைத்துக்கொண்டு இதைக் கேளுங்கள். எதற்கு என்பது இறுதியில் தானே விளங்கும்.

முதலில், கண்ணில் அழுத்தம் ஏன் இருக்க வேண்டும் என்பதைக் காண்போம். கண் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு பந்து. காற்றில்லாத பந்து கசங்கிப் போவதுபோல, உள்ளே அழுத்தம் இல்லாத கண்ணும் தன் வடிவை இழக்கும். வடிவு குலைந்தால் ஒளிக்கதிர்கள் விழித்திரையில் ஒன்றாகக் குவியமாட்டா. எனவே ஓரளவு அழுத்தம் கண்ணுக்கு இன்றியமையாதது. அதைத் தருவது கண்ணின் முன்பகுதியில் ஓடிக்கொண்டிருக்கும் தெளிந்த நீர். இது கண்ணீர் அன்று. கண்ணீர் கண்ணின் புறத்தே வழிவது. இதுவோ உள்ளேயே சுரந்து உள்ளேயே வடிவது. கண்ணின் வில்லையும் முன்புறத்துத் தெளிந்த படலமும் ஒளி ஊடுருவ வேண்டியவை. ஆதலால் அவற்றில் இரத்தக் குழாய்கள் இல்லை. அவற்றிற்கு ஊட்டம் தருவதும் இந்நீரே.

ஓர் ஏரியை எண்ணிக்கொள்ளுங்கள். வாய்க்கால் வழியே நீர் வந்துகொண்டிருக்கிறது. மதகு வழியே வெளியேறிக்கொண்டிருக்கிறது. வரத்தும் போக்கும் ஒத்திருக்கும் வரை நீர்மட்டம் மாறுவதில்லை. மதகு தூர்ந்துபோனால் மட்டம் உயர்கிறது. கண்ணிலும் இதுவே நிகழ்கிறது. வில்லையைச் சுற்றி வளையம்போல் அமைந்த பகுதி, நிமிடத்திற்கு ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு நீரைச் சுரக்கிறது. ஐரிஸ் எனப்படும் வட்டத்திரையின் விளிம்போரம், கண்ணின் மூலையில், நுண்ணிய வலைபோன்ற வடிகால் ஒன்று இருக்கிறது. நீர் அதன் வழியே வடிந்து இரத்த ஓட்டத்திற் கலக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அவ்வலையிலுள்ள உயிரணுக்கள் குறைந்து, வடிகால் இறுகுகிறது. சிலருக்கு இவ்விறுக்கம் மிகுந்து அழுத்தம் உயர்கிறது.

இவ்வழுத்தத்தை இரத்த அழுத்தத்தைப் போலவே பாதரச மில்லிமீட்டர் என்னும் அளவால் குறிக்கிறார்கள். நார்வே நாட்டு மருத்துவர் ஷியோட்ஸ் 1905ஆம் ஆண்டில் ஒரு கருவியை அமைத்த பின்னர், அழுத்தத்தை எண்ணால் சொல்வது எளிதாயிற்று. பெரும்பாலோருக்கு இது 10 முதல் 21 வரை இருக்கிறது. 21க்கு மேற்பட்டால் மிகை என்பது நெடுநாள் வழக்கு. ஆனால் இந்த 21 என்னும் எண், நோய்க்கும் நலத்திற்கும் இடையே எழுப்பிய மதிற்சுவர் அன்று. அது மக்கட்கூட்டத்தில் எடுத்த சராசரியிலிருந்து பிறந்த எல்லைக்கோடு மட்டுமே. ஒருவருடைய விழித்திரை எவ்வளவு தாங்கும் என்பதை அவ்வெண் சொல்லாது.

இதை விளக்க நம் நாட்டு ஆய்வு ஒன்றே போதும். சென்னையில் யோகாசனம் பயின்றோரைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2006இல் வெளியாயிற்று. சிரசாசனத்தில் நிற்கும்போது அவர்களுடைய விழியழுத்தம் ஏறத்தாழ இருமடங்காக உயர்ந்தது. இளையோர்க்கும் மூத்தோர்க்கும் இவ்வுயர்வு ஒரே தன்மையாக இருந்தது என்பதே நாம் கருதத்தக்கது. அழுத்தம் ஏறுவதில் வயது வேறுபாடு காணப்படவில்லை. ஆயின் அந்த ஏற்றத்தைத் தாங்குகின்ற விழித்திரை எல்லா வயதிலும் ஒன்றா என்பதே நம் வினா. கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்கள் தலைகீழாக நிற்கும் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும் என மருத்துவர்கள் கூறுவது இதனாலேயே.

இனி விழித்திரைக்கு வருவோம். கண்ணின் உட்சுவரில் ஏறத்தாழக் கால் மில்லிமீட்டர் தடிப்பில் ஒட்டியிருக்கும் மெல்லிய திசு அது. திரை என்ற பெயரால் அதனைப் படம் விழும் வெறுந்துணி என்று கருதிவிடக் கூடாது. உண்மையில் அது மூளையின் ஒரு பகுதி. கருவில் மூளையிலிருந்தே அது கிளைத்து வருகிறது. ஒளியை உணரும் அணுக்கள் மட்டும் அதில் பன்னிரண்டு கோடிக்கு மேல் உள்ளன. அவை உணர்ந்த செய்திகளைத் தொகுத்து மூளைக்கு அனுப்பும் பணியை, கேங்கிலியான் அணுக்கள் எனப்படும் நரம்பணுக்கள் செய்கின்றன. நாம் அவற்றைத் தூதணுக்கள் என்று அழைப்போம். ஒவ்வொரு கண்ணிலும் இவை பத்து இலட்சம் அளவிற்கே இருக்கின்றன. பன்னிரண்டு கோடி அணுக்களின் செய்தியை மூளைக்குச் சேர்ப்பவை இப்பத்து இலட்சம் தூதணுக்களே எனின், அவற்றின் அருமை விளங்கும்.

ஒவ்வொரு தூதணுவும் ஒரு நீண்ட இழையை மூளையை நோக்கி அனுப்புகிறது. விழித்திரையின் எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் இழைகள் ஓரிடத்திற் கூடி, சட்டெனத் திரும்பி, கண்ணின் பின்சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியேறுகின்றன. அவ்வாறு கூடிய இழைகளின் கற்றையே பார்வை நரம்பு. அவை வெளியேறும் வாயில் ஒன்றரை மில்லிமீட்டர் அளவினது. திறந்த துளையாக விட்டால் உள்ளழுத்தம் எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிடும் அன்றோ? எனவே அங்கே சல்லடை போன்ற ஒரு தட்டு அமைந்திருக்கிறது. இழைகள் சல்லடையின் கண்கள் வழியே செல்கின்றன. பந்தின் சுவர் முழுவதிலும் வலிமை குறைந்த இடம் இதுவே. உள்ளே விழியழுத்தம்; பின்னே, மூளையைச் சூழ்ந்த நீரின் அழுத்தம். இவ்விரண்டிற்கும் இடையே நிற்கும் வேலி இச்சல்லடைத் தட்டு.

விழியழுத்தம் மிகும்போது இத்தட்டு பின்னோக்கி வளைகிறது. அதன் கண்கள் திரிந்து இழைகளை நெரிக்கின்றன. இழை என்பது செய்தி செல்லும் கம்பி மட்டும் அன்று. பொருள்கள் போய்வரும் பாதையும் ஆகும். அணுவின் உடலிலிருந்து இழை நுனிக்கு வேண்டிய பொருள்கள் அதன் வழியே செல்கின்றன; மூளையிலிருந்து அணுவை வாழவைக்கும் ஊட்டப் பொருள்கள் அதே பாதையில் திரும்பி வருகின்றன. நெரிசலால் இப்போக்குவரத்துத் தடைப்படுகிறது. நரம்பின் தலைப்பகுதிக்குச் செல்லும் இரத்த ஓட்டமும் குறையலாம். ஊட்டம் கிட்டாத தூதணு நலிகிறது. நெடுநாள் நலிந்தால் மடிகிறது. இழைகள் மடிய மடிய, பார்வை நரம்பின் தலையில் இயல்பாக உள்ள சிறுகுழி அகன்று ஆழமாகிறது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1851இல் கண்ணின் உட்புறத்தைக் காணும் கருவியை அறிமுகம் செய்த பின்னரே, மருத்துவர்கள் இக்குழியைக் கண்ணாரக் கண்டனர்.

இதுவரை கூறியது அழுத்தத்தின் கதை. இனி வயதின் கதை. முதுமை விழித்திரையின் தாங்கும் வலிமையை மூன்று வழிகளிற் குறைக்கிறது.

முதலாவது, கையிருப்புக் குறைவு. தூதணுக்கள் பிறப்பிற்குப் பின் புதிதாகத் தோன்றுவதில்லை. இறந்தவற்றிற்கு ஈடாகப் புதியவை வருவதும் இல்லை. நோயே இல்லாத கண்ணிலும் ஆண்டுதோறும் சில ஆயிரம் அணுக்கள் இயல்பாகவே மடிகின்றன. வரவே இல்லாமல், செலவு மட்டும் உள்ள சேமிப்பைப் போன்றது இது. ஓய்வுபெற்ற ஆசிரியனாகிய எனக்கு இவ்வுவமை எளிதில் தோன்றுகிறது! இளமையில் சேமிப்பு மிகுதி. சிறிது இழந்தாலும் குறை தெரிவதில்லை. எழுபதாம் வயதில், நோய் வருமுன்பே சேமிப்பில் கணிசமான பங்கு கரைந்திருக்கிறது. அந்நிலையில் அழுத்தத்தால் வரும் இழப்பு, மீதி முதலையே தின்னத் தொடங்குகிறது.

இரண்டாவது, ஆற்றற் குறைவு. உடலில் உயிர்வளியை மிகுதியாகச் செலவிடும் திசுக்களுள் விழித்திரையும் ஒன்று. தூதணுவின் இழை கண்ணுக்குள் இருக்கும் வரை அதற்குக் கொழுப்புறை கிடையாது. உறை இருப்பின் ஒளியை மறைக்குமே! சல்லடையைத் தாண்டிய பின்னரே உறை தொடங்குகிறது. உறையற்ற இழையில் செய்தி செல்ல மிகுந்த ஆற்றல் வேண்டும். அவ்வாற்றலை ஆக்கித் தருபவை மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணிய உலைகள். வயது ஏற ஏற இவ்வுலைகளின் திறன் குன்றுகிறது. அவற்றிற்கு இன்றியமையாத சில வேதிப்பொருள்களும் குறைகின்றன. சிறு இரத்தக் குழாய்களின் ஓட்டமும் தளர்கிறது. சாதாரண நாளிற் குறைந்த எரிபொருளைக் கொண்டே அணு ஒருவாறு காலந்தள்ளிவிடும். அழுத்தம் என்னும் கூடுதற் சுமை வரும்போதுதான் பற்றாக்குறை வெளிப்படுகிறது.

மூன்றாவது, மீளும் திறனின் குறைவு. இதுவே மூன்றனுள்ளும் கருத்தைக் கவர்வது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்து ஆய்வாளர்கள் எலிகளின் கண்ணில் அழுத்தத்தைச் சிறிது நேரம் செயற்கையாக உயர்த்தி, பின்னர் இயல்பு நிலைக்கு இறக்கினார்கள். ஒளியைக் கண்டதும் விழித்திரையில் எழும் மின்னலைகளை அளந்து, அதன் செயல் எந்நிலையில் உள்ளது என்று பார்த்தார்கள். இளம் எலிகளின் விழித்திரை விரைவில் பழைய நிலைக்குத் திரும்பிற்று. முதிய எலிகளிலோ மீட்சி தாமதமாயிற்று, குறைவாகவும் இருந்தது. அடித்தவுடன் விழும் அணுவைவிட, விழுந்தபின் எழ இயலாத அணுவே முதுமையின் அடையாளம் என்று இதிலிருந்து அறிகிறோம். பள்ளிப் பிள்ளை தடுக்கி விழுந்தால் தூசியைத் தட்டிக்கொண்டு ஓடுகிறான்; முதியவர் விழுந்தால் எலும்பு கூடப் பல மாதங்கள் ஆகின்றன. விழித்திரையிலும் அதே வேறுபாடுதான்.

இம்மூன்றோடு மற்றொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். இளமையில் நெகிழ்ந்து கொடுக்கும் சல்லடைத் தட்டு, முதுமையில் விறைப்படைகிறது. பழைய மிதிவண்டிச் சக்கரமும் புதிய சக்கரமும் ஒரே அளவு காற்றை ஏற்றாலும் ஒரே காலம் உழைப்பதில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆயினும் இவ்வுவமை ஓரளவே பொருந்தும். சக்கரம் ஒருநாள் ஓசையோடு வெடிக்கும். விழித்திரையோ ஓசையின்றி இழை இழையாகத் தேயும்.

எலிகளிற் கண்டது மனிதரிடத்தும் மெய்யாகுமா? அமெரிக்க நாட்டில், விழியழுத்தம் 24 முதல் 32 வரை உயர்ந்திருந்தும் நோய் தோன்றாத 1,636 பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்கள் 40 முதல் 80 வயது வரையினர். 2002ஆம் ஆண்டில் வெளியான முடிவுகளின்படி, மருந்து பெறாதவர்களில் நூற்றுக்கு 9.5 பேருக்கு ஐந்தாண்டுகளில் நோய் தோன்றிற்று; அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து பெற்றவர்களில் அது 4.4 ஆகக் குறைந்தது. இவ்வெண்களை இருபுறமும் திருப்பிப் பார்க்க வேண்டும். மருந்து இன்றியும் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஐந்தாண்டுகள் நலமாக இருந்தனர் எனில், உயர்ந்த அழுத்தம் மட்டுமே நோய் ஆகாது. யாருக்கு நோய் வரும் என்பதைச் சுட்டிய குறிகளுள் வயதும் ஒன்றாக இருந்தது. மற்றவை ஒத்திருக்க, பத்தாண்டு கூடுந்தோறும் ஆபத்து ஐந்தில் ஒரு பங்கிற்குச் சற்று மேல் உயர்ந்தது.

மறுபுறமும் பாருங்கள். ஜப்பானின் தஜிமி நகரில் நடந்த ஆய்வு 2004இல் வெளியாயிற்று. அங்கே வடிகால் மூலை திறந்திருக்கும் வகைக் கண் நீர் அழுத்த நோய் கண்டவர்களுள் நூற்றுக்கு 92 பேருக்கு அழுத்தம் 21க்கு உட்பட்டே இருந்தது! எல்லைக்கோட்டிற்குள் இருந்தும் அவர்கள் விழித்திரை தாங்கவில்லை. 'உங்கள் அழுத்தம் 18தான். கவலை வேண்டாம்' என்று ஒருவரிடம் அழுத்தத்தை மட்டும் அளந்து சொல்லிவிட முடியாது என்பது இதனால் தெளிவாகிறது. அழுத்தம் எவ்வளவு என்பது பாதி வினா. அது யாருடைய விழித்திரைக்கு என்பது மீதிப் பாதி.

இந்நோயின் பெருங்கொடுமை அதன் மௌனம். அது பெரும்பாலும் முதலில் பக்கப் பார்வையில் ஆங்காங்கே கை வைக்கிறது. நேரே நோக்கும் பார்வை கடைசி வரை நிற்கிறது. நாள்தாளைப் படிக்க முடிகிறது. ஊசியில் நூலைக் கோக்க முடிகிறது. கண் நன்றாக இருக்கிறது என்றே எண்ணுகிறோம். ஒரு கண்ணில் இழந்த இடத்தை மற்றொரு கண் ஈடுசெய்கிறது. எஞ்சிய இடைவெளியை மூளை தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. பார்வைப் பரப்பை அளக்கும் கருவியில் குறை தெளிவாகத் தெரியும் முன்பே, தூதணுக்களில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மடிந்திருக்கக் கூடும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. வாயிற்படியில் இடறுவதும், பக்கத்தில் வரும் வண்டியைக் காணாமற் போவதும் தொடங்கும்போது, காலம் மிகவும் கடந்திருக்கும்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் தமிழ்நாட்டின் மூன்று மாவட்டங்களில், நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆன 5,150 நாட்டுப்புற மக்களைச் சோதித்து, 2003இல் முடிவுகளை வெளியிட்டனர். நூற்றுக்கு 2.6 பேருக்கு ஏதேனும் ஒரு வகைக் கண் நீர் அழுத்த நோய் இருந்தது. மூலை திறந்த வகை நோய் வயதோடு பெருகிற்று. அவ்வகை நோய் கண்டவர்களுள் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோருக்குத் தமக்கு அந்நோய் இருப்பதே அதுவரை தெரியாது. ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அதற்குள் ஒரு கண்ணிலேனும் பார்வையை இழந்திருந்தார். தெரியாமையே இங்கு நோயைவிடப் பெரும் பகையாக நிற்கிறது.

நம்மூர்களில் நிலவும் ஒரு கருத்து இத்தெரியாமைக்குத் துணைபோகிறது. முதியவரின் பார்வை மங்கினால், 'வயதாயிற்று, புரை விழுந்திருக்கும், முற்றட்டும், பிறகு எடுக்கலாம்' என்கிறோம். புரை என்பது வில்லையில் படியும் மங்கல். அதை அகற்றிச் செயற்கை வில்லையைப் பொருத்தினால் பார்வை மீள்கிறது. எனவே பல மாதங்கள் காத்திருந்தாலும் பெரும்பாலும் கேடில்லை. கண் நீர் அழுத்த நோயில் கெடுவதோ வில்லை அன்று, நரம்பு. அதில் காத்திருந்த ஒவ்வொரு மாதமும் திரும்பி வாராத இழப்பு. இரண்டும் ஒரே முதியவரின் ஒரே கண்ணில் சேர்ந்திருக்கவும் கூடும். புரை என்று நாமே முடிவுகட்டிவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டியதன் காரணம் இதுவே.

ஒரு விலக்கையும் சொல்லிவிட வேண்டும். இந்நோயின் எல்லா வகையும் மௌனமாக வருவதில்லை. வயதோடு வில்லை தடிப்பதால் சிலருக்கு வடிகால் இருக்கும் மூலை ஒடுங்கி, திடீரென அடைபடுவது உண்டு. அப்போது கடுமையான கண்வலி, தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், பார்வை மங்கல் ஆகியவை தோன்றும். வெறும் தலைவலி என்று தைலம் தடவிக்கொண்டு படுத்துவிடக் கூடாது. அன்றே, அப்போதே கண் மருத்துவமனையை அடைய வேண்டும்.

செய்ய வேண்டுவன யாவை? நாற்பது வயதைக் கடந்தோர் குறிப்பிட்ட காலத்திற்கு ஒருமுறை முழுமையான கண் சோதனை செய்துகொள்ள வேண்டும். மூக்குக்கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் படிப்பது முழுச் சோதனை ஆகாது. அழுத்தத்தை அளத்தல், பார்வை நரம்பின் தலையை நேரே பார்த்தல், வடிகால் மூலையை ஆராய்தல், தேவையாயின் பார்வைப் பரப்பை அளத்தல், நரம்பிழைகளின் தடிப்பைக் கருவியால் படமெடுத்தல் என அது பல பகுதிகள் கொண்டது. பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருந்தால் ஒருவருக்கு ஆபத்து பன்மடங்கு மிகும். அவர்கள் முன்கூட்டியே சோதித்துக்கொள்வது நலம். கண் சிவந்தது, அரித்தது என்று ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தைக் கடையில் தாமே வாங்கி நாட்கணக்கில் விட்டுக்கொள்வதும் அழுத்தத்தை உயர்த்தும். இது இளைஞர்களையும் தாக்கும் கேடு. நீங்களும் நினைவில் வைக்க வேண்டியது.

நோய் கண்டால் அழுத்தத்தைக் குறைப்பதே இன்றளவும் மெய்ப்பிக்கப்பட்ட சிகிச்சை. சொட்டு மருந்து, லேசர் ஒளி, அறுவை ஆகிய மூன்றும் அதற்கு வழிகள். சுவீடனில் நடந்த ஆய்வொன்று, அழுத்தம் ஒரு மில்லிமீட்டர் குறையுந்தோறும் நோய் முற்றும் ஆபத்து ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைவதாகக் காட்டிற்று. தாங்கும் வலிமை குன்றிய விழித்திரைக்குச் சிறு குறைப்பும் பெருந்துணை. விழித்திரையை மீண்டும் இளமையாக்க இயலவில்லையாயினும், அதன் சுமையை இறக்கி வைக்க இயலும் அல்லவா?

தாங்கும் வலிமையையே கூட்டும் முயற்சிகளும் நடந்து வருகின்றன. நடுவயது எலிகளைச் சில வாரங்கள் நாள்தோறும் நீந்தச் செய்தபோது, அவற்றின் விழித்திரை அழுத்தத்திலிருந்து இளம் எலிகளைப்போல் மீண்டது என மெல்போர்ன் ஆய்வாளர்கள் கண்டனர். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து ஆய்வுக்கூடத்தினர், நிக்கோட்டினமைடு எனப்படும் பி3 வைட்டமின் எலிகளின் தூதணுக்களைக் காப்பதை 2017இல் வெளியிட்டனர். ஆற்றலை ஆக்கும் உலைகளுக்கு வேண்டிய ஒரு பொருள் வயதோடு குறைகிறது. அக்குறையை இவ்வைட்டமின் நிரப்புகிறது என்பது அவர்கள் கருத்து. மனிதரிடத்தும் இது ஆராயப்பட்டு வருகிறது. ஆயினும் எலிக்கு நல்லதெல்லாம் மனிதனுக்கு மருந்தாகிவிடாது. பேரளவில் உட்கொண்டால் இது கல்லீரலுக்குத் தீங்கு செய்யக் கூடும். மருத்துவர் சொல்லாமல் மாத்திரை வாங்குவது அறிவுடைமை ஆகாது.

இனி, எங்களுக்கு எதற்கு என்ற வினாவிற்கு வருகிறேன். சொட்டு மருந்தின் பயன் கண்ணுக்குத் தெரியாதது. காய்ச்சல் மருந்து உண்டால் காய்ச்சல் தணிகிறது, பயன் தெரிகிறது. இம்மருந்தை விட்டால் பார்வை கூடுவதில்லை; இருப்பது போகாமல் நிற்கிறது, அவ்வளவே. சில சமயம் எரிச்சலும் தருகிறது. எனவே முதியவர்கள் சில மாதங்களில், 'இதனால் என்ன ஆயிற்று?' என்று நிறுத்திவிடுகிறார்கள். கை நடுங்கும் சிலருக்குச் சொட்டு கண்ணில் விழாமல் கன்னத்தில் வழிகிறது. எழுத்துச் சிறியதாயிருப்பதால் எந்தப் புட்டி எது என்று தெரிவதில்லை. இங்கேதான் உங்கள் இளங்கண்ணும் உறுதியான கையும் வேண்டும். கீழிமையை மெல்ல இழுத்து, ஒரே ஒரு சொட்டு விட்டு, கண்ணை மூடச்செய்து, மூக்கோரத்துக் கடைக்கண்ணை விரலால் இரண்டு நிமிடம் மெதுவாக அழுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். மருந்து மூக்கிற்குள் இறங்காமல் கண்ணிலேயே தங்கும். இரண்டு மருந்துகள் இருந்தால் இடையே ஐந்து நிமிடம் விடுங்கள். அவர்களுக்கு ஆஸ்துமா இருந்தால் மருத்துவரிடம் முன்னரே சொல்லுங்கள். சில சொட்டு மருந்துகள் அதற்கு ஆகா.

எல்லாவற்றிற்கும் முன்னதாக, அவர்களைச் சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 'எனக்கு நன்றாகத்தான் தெரிகிறது' என்று அவர்கள் சொல்வார்கள். அது பொய்யன்று; அவர்களுக்குத் தெரிவதைத்தான் சொல்கிறார்கள். தெரியாமற்போன பகுதி அவர்களுக்கே தெரியாது என்பதை நீங்கள் அறிவீர்கள். உங்கள் விழித்திரையிற் சேமிப்பு நிறைந்திருக்கிறது. அவர்கள் சேமிப்பில் எஞ்சியுள்ளதைக் காக்க அரைநாள் போதும். அந்த அரைநாளைத் தள்ளிப்போடாதீர்கள்.